“இப்ப எங்கே இருக்கே?” – இடம் சொல்லும் செயலிகள் வளர்ந்த கதை



சில வாரங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலாகி, பதிவேட்டில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு உறுப்பினர் தன் போனை என்னிடம் நீட்டினார்.

“மேடம், எம்பொண்ணு டவுன்ல வேலைக்குப் போறா. ராத்திரி பஸ் ஏறினதும் வாட்ஸ்அப்புல லைவ் லொகேஷன்னு ஒண்ணு அனுப்புவா. பஸ் நகர நகர இந்தப் புள்ளியும் நகருது. அதப் பாத்துக்கிட்டே இருந்தா மனசுக்கு ஒரு தெம்பு. ஆனா எனக்கு ஒரு பயம். நான் பாக்குற மாதிரி வேற யாராச்சும் எம்பொண்ணப் பாக்க முடியுமா?”

கேட்டது ஒருத்தர்தான். ஆனால் சுற்றி இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். “நாம யாருக்கு அனுமதி கொடுக்கிறோமோ அதைப் பொறுத்தது அக்கா” என்று சொன்னேன். அது பாதி பதில்தான். மீதிப் பதிலை இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

நாம் இருக்கும் இடத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் வசதி திடீரென்று வந்ததில்லை. அமெரிக்காவில் சில இளைஞர்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆரம்பித்தார்கள். அவர்கள் எப்படி வளர்த்தார்கள், எங்கே தடுமாறினார்கள், அதில் பெண்களுக்கு என்ன ஆபத்து வந்தது என்று தெரிந்துகொண்டால், நம் கையில் இருக்கும் போனை நாம் சரியாகக் கையாளலாம்.

போனுக்கு இடம் எப்படித் தெரியும்?

வானத்தில் ஜி.பி.எஸ். என்ற செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஓயாமல் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் போன் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சைகையைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. செல்போன் டவரை வைத்தும், பக்கத்தில் உள்ள வைஃபையை வைத்தும்கூட இடத்தை ஓரளவு கணக்கிட முடியும்.

இதில் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியாது. ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்கு யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது அல்லவா, அதுபோலத்தான். இடத்தைக் கண்டுபிடிப்பது நம் போன். அது அந்தச் சேதியை எந்தச் செயலியிடம் சொல்கிறது, அந்தச் செயலி யாரிடம் சொல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குறுஞ்செய்தியில் ஆரம்பம்

2000-ஆம் ஆண்டில் டென்னிஸ் கிரௌலி, அலெக்ஸ் ரெய்னர்ட் என்ற இரண்டு பேர் டாட்ஜ்பால் என்ற சேவையைத் தொடங்கினார்கள். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதைச் செல்போனுக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். அப்போது சாதாரண செல்போன்தான். ஜி.பி.எஸ். கிடையாது, செயலியும் கிடையாது.

அதனால் குறுஞ்செய்தியையே பயன்படுத்தினார்கள். ஒருவர் ஒரு ஓட்டலுக்குப் போனால் அந்த ஓட்டலின் பெயரைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார். உடனே அவருடைய நண்பர்களுக்கு, “இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார்” என்று சேதி போகும். பக்கத்துத் தெருக்களில் யாராவது நண்பர் இருந்தால் வந்து சந்திக்கலாம். அவ்வளவுதான் அந்தச் சேவை.

2005-இல் கூகுள் நிறுவனம் டாட்ஜ்பாலை வாங்கியது. ஆனால் அங்கே அதை வளர்க்கப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. 2007-இல் இருவரும் மனவருத்தத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். 2009-இல் கூகுள் அந்தச் சேவையை மூடிவிட்டது.

கிரௌலி அதோடு விடவில்லை. நவீன் செல்வதுரை என்பவரோடு சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்தார். அதன் பெயர் ஃபோர்ஸ்கொயர். 2009 மார்ச் மாதத்தில், டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கலை, தொழில்நுட்பத் திருவிழாவில் அதை வெளியிட்டார்கள்.

தனி ஆளுக்கு எதுக்கு செயலி?

இடம் சொல்லும் செயலிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. நான் மட்டும் வைத்திருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. என் தோழிகளும் வைத்திருந்தால்தான் அது செயலி. ஒரே ஒரு உறுப்பினரோடு குழு ஆரம்பிக்க முடியுமா? முடியாது. ஊருக்கு ஒருத்தர் வீதம் 15 ஊரில் 15 பேரைச் சேர்த்தால் அது குழு ஆகுமா? அதுவும் ஆகாது. ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் அறிந்த 15 பேர் வேண்டும்.

ஃபோர்ஸ்கொயர் இதைப் புரிந்து வைத்திருந்தது. எடுத்த எடுப்பில் உலகம் முழுவதும் பரவ நினைக்கவில்லை. முதலில் குறிப்பிட்ட சில நகரங்களில் மட்டும்தான் அது வேலை செய்தது. ஆஸ்டின் திருவிழாவில் வெளியிட்டதற்கும் இதுதான் காரணம். ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்கு ஒரே ஊரில் கூடியிருக்கிறார்கள். “யார் எந்த அரங்கத்தில் இருக்கிறார்கள்?” என்பது அங்கே எல்லோருக்கும் தேவையான சேதி. தேவை இருந்த இடத்தில் விதை போட்டார்கள். 2010 ஜனவரியில்தான் எந்த ஊரில் இருந்தும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு போனும் ஒரு வாசல்

அடுத்த சிக்கல் போன். இன்றைக்குப் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று இரண்டே வகைதான். 2009-இல் அப்படி இல்லை. ஐபோன் ஒரு பக்கம், ஆண்ட்ராய்டு ஒரு பக்கம். அலுவலகம் போகிறவர்கள் கையில் பிளாக்பெர்ரி. உலகம் முழுக்க அதிகமாக விற்ற ஸ்மார்ட்போன்கள் நோக்கியாவின் சிம்பியன் வகை. பாம் என்ற நிறுவனத்தின் போன் வேறு. 2010-இல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போனும் வந்தது.

ஒரு போனுக்கு எழுதிய செயலி இன்னொன்றில் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும், தனியாகச் சோதிக்க வேண்டும், பழுது வந்தால் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். ஒரே அளவு வைத்துத் தைத்த ரவிக்கை எல்லோருக்கும் சேருமா? ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தானே வெட்ட வேண்டும்!

பணமும் ஆளும் குறைவாக இருக்கும் ஒரு சின்ன நிறுவனம் எதை முதலில் செய்வது? ஃபோர்ஸ்கொயர் ஐபோனில் ஆரம்பித்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2008 ஜூலையில்தான் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தது. ஜி.பி.எஸ். உள்ள முதல் ஐபோனும் அதே மாதம்தான் விற்பனைக்கு வந்தது. இடத்தைக் கண்டுபிடிக்கும் வசதி, செயலியை மக்களிடம் கொண்டுசேர்க்கும் கடை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தன.

ஆனால் தோழிகள் 5 பேரில் 2 பேரிடம்தான் ஐபோன் இருக்கிறது என்றால்? மற்ற 3 பேரும் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். நாளடைவில் அந்த 2 பேரும் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். எனவே மற்ற வாசல்களையும் திறக்க வேண்டியிருந்தது. செயலி இல்லாத போன்காரர்கள் குறுஞ்செய்தி வழியாகவும், செல்போனில் திறக்கும் எளிய இணையப் பக்கம் வழியாகவும் இடத்தைப் பதிவு செய்ய வழி வைத்தார்கள். ஆண்ட்ராய்டுக்கான செயலியை எழுதுவதில் வெளியில் இருந்த ஆர்வலர்கள் முன்வந்து கை கொடுத்தார்கள். பிளாக்பெர்ரிக்கும் மற்றப் போன்களுக்கும் செயலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2009 நவம்பரில், வெளியாட்களும் தங்கள் செயலிகளை ஃபோர்ஸ்கொயருடன் இணைக்க வழி திறந்துவிட்டார்கள்.

லூப்ட் என்ற இன்னொரு நிறுவனம் வேறு வழியில் போனது. சாம் ஆல்ட்மன் என்ற இளைஞரும் நண்பர்களும் 2005-இல் தொடங்கியது அது. அவர்கள் செல்போன் சேவை நிறுவனங்களிடம் ஒப்பந்தம் போட்டு, அவற்றின் வழியாக வாடிக்கையாளரிடம் போனார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கதவையும் தட்ட வேண்டும், ஒவ்வொன்றும் சம்மதிக்க வேண்டும். பின்னால் ஐபோனுக்கும் வந்தார்கள். ஆனாலும் எதிர்பார்த்த அளவு மக்கள் சேரவில்லை. 2012-இல் வேறொரு நிறுவனத்திடம் விற்றுவிட்டார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிய செய்திகளில் நாம் கேள்விப்படும் அதே சாம் ஆல்ட்மன்தான் இவர்.

இரண்டுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு இருந்தது. லூப்டில் அனுமதி கொடுத்துவிட்டால் நாம் இருக்கும் இடத்தை நண்பர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஃபோர்ஸ்கொயரில் “நான் இங்கே வந்திருக்கிறேன்” என்று நாமே பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். முதலாவது வீட்டுக் கதவைத் திறந்தே வைப்பது மாதிரி. இரண்டாவது, வேண்டும்போது மட்டும் கதவைத் திறந்து பேசுவது மாதிரி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் கொடுத்து வளர்த்தார்கள்

பொத்தானை அழுத்த மக்களுக்கு ஒரு ஆசை வேண்டுமே? அதற்கு ஃபோர்ஸ்கொயர் ஒரு விளையாட்டு வைத்தது. ஒவ்வொரு பதிவுக்கும் புள்ளி. புது இடங்களுக்குப் போனால் பதக்கம். கடந்த 60 நாட்களில் ஒரு கடைக்கு அதிக நாள் வந்தவர் யாரோ, அவர்தான் அந்தக் கடைக்கு “மேயர்”. நாளைக்கு இன்னொருவர் அதிகமாக வந்தால் பதவி அவருக்குப் போய்விடும்!

சின்ன விளையாட்டுதான். ஆனால் மக்கள் போட்டி போட்டார்கள். கடைக்காரர்களுக்கும் இது பிடித்தது. அடிக்கடி வருகிறவர் யார் என்று தெரிகிறதே. 2010 மே மாதத்தில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகள், தங்கள் கடையின் மேயராக இருப்பவருக்கு ஒரு குளிர்பானத்தில் 1 டாலர் தள்ளுபடி என்று அறிவித்தன.

போட்டி வந்தால் கள்ளத்தனமும் வரும். வீட்டில் உட்கார்ந்தபடியே “நான் கடையில் இருக்கிறேன்” என்று பதிவு செய்தார்கள். கூட்டத்துக்கு வராமலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போலத்தான்! கடைசியில் 2010 ஏப்ரலில், போனின் இடத்தைச் சரிபார்த்து, ஆள் அங்கே இல்லை என்றால் புள்ளியும் மேயர் பதவியும் கிடையாது என்று மாற்றினார்கள்.

2010-இல் 10 லட்சம் பேராக இருந்த உறுப்பினர்கள், 2011 ஜூனில் 1 கோடியைத் தொட்டார்கள்.

கதவு திறந்திருந்தால் யாரும் வரலாம்

இப்போது அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஃபோர்ஸ்கொயரில் பதிவு செய்த இடத்தை ட்விட்டரிலும் சேர்த்துப் போடலாம். நிறையப் பேர் போட்டார்கள். ட்விட்டரில் போட்டால் நண்பர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2010 பிப்ரவரியில் சிலர் இதைச் சுட்டிக்காட்ட ஒரு இணையதளம் ஆரம்பித்தார்கள். அதன் பெயருக்கு “தயவுசெய்து என்னைக் கொள்ளையடி” என்று அர்த்தம்! நீங்கள் கடையில் இருப்பதாகச் சொன்னால், வீட்டில் இல்லை என்றும் ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. யாரையும் திருடத் தூண்டுவது அவர்கள் நோக்கம் இல்லை. எச்சரிக்கைதான்.

2012-இல் வந்தது இதைவிட மோசம். ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஒரு செயலியை வெளியிட்டிருந்தது. பக்கத்தில் எந்தெந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்று அது வரைபடத்தில் காட்டியது. ஃபோர்ஸ்கொயரில் பெண்கள் பதிவு செய்த இடத்தை எடுத்து, ஃபேஸ்புக்கில் அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த படத்தையும் விவரத்தையும் சேர்த்து, முன்பின் தெரியாத ஆணின் கையில் கொடுத்தது. அந்தப் பெண்களுக்கு இது எதுவுமே தெரியாது.

செய்தி வெளியானதும் ஃபோர்ஸ்கொயர் அந்தச் செயலிக்கு விவரம் கொடுப்பதை நிறுத்தியது. அந்த நிறுவனமும் செயலியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. பெண்கள் தாங்களே பதிவு செய்த இடம், தாங்களே போட்ட படம். இரண்டும் தனித்தனியாக இருந்தபோது சாதாரணமாகத் தெரிந்தது. ஒன்றாகச் சேர்ந்ததும் ஆபத்தாகிவிட்டது. வேகமாக வளர வேண்டும் என்று வெளியாட்களுக்குத் திறந்துவிட்ட அதே வாசல் வழியாகத்தான் இதுவும் நுழைந்தது.

இலவசம் என்றால் செலவு யாருடையது?

ஃபோர்ஸ்கொயருக்குப் போட்டியாக 2010 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கும் இடம் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. கோவாலா என்ற இன்னொரு செயலியும் ஃபோர்ஸ்கொயருக்குச் சரியான போட்டியாக இருந்தது. 2011 டிசம்பரில் கோவாலாவின் முக்கிய ஆட்களை ஃபேஸ்புக் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 2012 மார்ச்சில் கோவாலா மூடப்பட்டது. 2014-இல் ஃபோர்ஸ்கொயர் தன் செயலியை இரண்டாகப் பிரித்தது. இடத்தைப் பதிவு செய்ய ஸ்வார்ம், நல்ல கடைகளைத் தேட ஃபோர்ஸ்கொயர் என்றானது. இஷ்டப்பட்டு மேயர் பதவி பிடித்தவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

ஆனால் நிறுவனத்துக்கு அதற்குள் வேறு ஒரு வருமான வழி கிடைத்திருந்தது. கோடிக்கணக்கான பதிவுகள் கையில் இருந்ததால், எந்தக் கடைக்குக் கூட்டம் வருகிறது, எங்கே குறைகிறது என்று அதற்குத் தெரிந்தது. 2016-இல் அமெரிக்காவின் சிபோட்லே என்ற ஓட்டல் குழுமத்தின் முதல் காலாண்டு விற்பனை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்று ஃபோர்ஸ்கொயர் முன்கூட்டியே சொன்னது. பிறகு அந்த ஓட்டல் வெளியிட்ட கணக்கு 29.7 சதவீதம்! ஓட்டல்காரர் கணக்கை வெளியிடும் முன்பே, வந்துபோனவர்களின் போன் சொல்லிவிட்டது.

ஃபோர்ஸ்கொயர் செயலி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஸ்வார்ம் மட்டும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. இட விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொழில்தான் அதன் முக்கியத் தொழிலாகிவிட்டது. செயலிக்கு நாம் காசு கொடுக்கவில்லை. ஆனால் நாம் நடந்த நடைக்கு விலை இருந்தது.

நம்ம போன்ல என்ன செய்யலாம்?

பயந்து போனை மூடி வைக்க வேண்டாம். ராத்திரி தனியாக வரும் மகளின் இடம் தாய்க்குத் தெரிவது நல்லதுதான். இவற்றைக் கவனித்தால் போதும்:

1. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கெடு வைத்துத்தான் அனுப்ப முடியும். பயணத்துக்குத் தேவையான நேரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீடு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

2. அதைத் தனி ஆளுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

3. போனின் செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போனால் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். டார்ச் லைட், விளையாட்டு போன்ற செயலிகளுக்கு நம் இடம் எதற்கு? “அனுமதி இல்லை” என்று மாற்றுங்கள். வரைபடம் போன்ற தேவையானவற்றுக்கு “பயன்படுத்தும்போது மட்டும்” என்று வையுங்கள்.

4. கூகுள் மேப்பில் இடத்தைப் பகிரும்போது “நிறுத்தும் வரை” என்று ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் போனை வேறு யாராவது வாங்கி அப்படி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். நாமே விரும்பி இடம் சொல்வது பாதுகாப்பு. நமக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு.

5. திருமணம், கோவில், சுற்றுலா படங்களை ஊர் பெயரோடு உடனே போடாதீர்கள். வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.

6. யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் தயங்காமல் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். அவசரம் என்றால் 112.

அந்த அக்காவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு மட்டும் அனுப்பினால் அந்தப் புள்ளியை அம்மா மட்டும்தான் பார்ப்பார். ஆனால் அதே போனில் வேறு பத்துச் செயலிகளுக்கு யோசிக்காமல் “சரி” என்று அழுத்தியிருந்தால், அவற்றுக்கும் அவள் இருக்கும் இடம் தெரியும். சேமிப்புப் பணத்தை யாருக்குக் கடன் கொடுப்பது என்று 15 பேரும் உட்கார்ந்து பேசித் தீர்மானம் போடுகிறோம். நாம் இருக்கும் இடமும் நம்முடைய சொத்துதான். அதை யாருக்குக் கொடுப்பது என்பதையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழுவில் எத்தனை பேர் போனில் லொகேஷன் அனுமதிப் பட்டியலைப் பார்த்திருக்கிறோம்? கூட்டத்திலேயே ஒருமுறை எல்லோரும் திறந்து பார்ப்போம்.
- நம் பெண் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் இல்லை.
- போன் பார்க்கத் தெரியாத உறுப்பினருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது? தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.